பனி என்றால் என்ன?
சொல்லும் படமும் கூடிக் கற்பிக்கும் முறை பற்றி எல்லைப்புற ஊர்களிலிருந்து சில எண்ணங்கள்

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி நோக்கித் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்தால் இஞ்சிவிளையை அடுத்துக் களியக்காவிளை வருகிறது. அங்கே கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. சாலையோரப் பலகைகளின் எழுத்து மாறுவதைத் தவிர வேறு மாற்றம் எதனையும் வழிப்போக்கர் எளிதில் காணமாட்டார். இருமருங்கிலும் அதே தென்னை, அதே மரச்சீனித் தோட்டம், அதே இரப்பர் மரங்கள். மக்களின் பேச்சும் ஒரு கோட்டில் வெட்டுண்டு நிற்பதில்லை. தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுத் திண்ணையில் கலந்து ஒலிப்பதை இவ்வூர்களில் நாள்தோறும் கேட்கலாம்.

இத்தகைய ஊரொன்றின் வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் 'பனி' என்று எழுதி, அதன் பொருள் யாதென வினவுவதாகக் கொள்வோம். தமிழ்ப் பாடம் பயிலும் பிள்ளை, விடியற்காலையில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியை நினைக்கக்கூடும். மலையாளம் பேசும் வீட்டிலிருந்து வந்த பிள்ளையோ போர்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்கும் தன் தம்பியை நினைக்கும். ஏனெனில் மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். ஒலி ஒன்றே, எழுத்துக்கூட்டலும் ஒன்றே, மனத்தில் எழும் காட்சிகள் இரண்டு. அச்சொல்லின் அருகே புல்நுனித் துளியின் படம் ஒன்று இருந்திருப்பின் குழப்பத்திற்கே இடமில்லை.

அப்படியானால் எல்லாச் சொற்களுக்கும் படம் சேர்த்துவிட்டால் கல்வி எளிதாகிவிடும் என்று சொல்லிவிடலாமா? அவ்வளவு விரைவில் சொல்லிவிட இயலாது. படம் எப்போது துணை செய்கிறது, எப்போது இடையூறாகிறது என்பதைக் கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் உளநூல் அறிஞர்கள் பரிசோதனைகளால் ஓரளவு வரையறுத்துள்ளனர். அம்முடிவுகளுள் சில நம் எல்லைப்புறப் பள்ளிகளுக்கும், சிற்றூர்களில் பணிபுரியும் சுகாதார, வேளாண் ஊழியர்களுக்கும் நேரடியாகப் பயன்படுவன.

இரு மொழிகளுக்கிடையே ஒரு வட்டம்

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மாநிலங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பட்டபோது, திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. அரசியல் எல்லை ஒரு நாளில் வகுக்கப்பட்டது. மொழி எல்லையை அவ்வாறு வகுக்க முடியவில்லை. 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர். மொழிச் சிறுபான்மையோரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்தல் வேண்டும் என்று 1956ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தத்தால் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு கூறுகிறது. மற்றொரு புறம், கேரளத்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளில் மலையாளத்தையும், தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் தமிழையும் கட்டாயப் பாடமாக்கியுள்ளன. ஆதலின் எல்லைக்கு இப்பாலுள்ள தமிழ்க் குழந்தையும் அப்பாலுள்ள மலையாளக் குழந்தையும் இரு மொழிகளையும் இரு எழுத்து முறைகளையும் இளமையிலேயே சுமந்தாக வேண்டும்.

கேரள மாநிலக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் மலையாளம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் கன்னடத்திலும் பாடநூல்களை வெளியிடுகிறது. அறிவியல், கணக்கு போன்ற பாடங்களின் மலையாளப் பதிப்பையும் தமிழ்ப் பதிப்பையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், படங்கள் பெரும்பாலும் அவையே. சொற்கள் மட்டுமே வேறு என்பது புலப்படும். ஒரே படத்தின் கீழ் இரு மொழிகளின் பெயர்கள். இஃது அச்சுச் செலவைக் குறைப்பதற்கான ஏற்பாடாகத் தோன்றலாம். கல்வி நோக்கில் அதனினும் மேலான பயன் இதற்குண்டு. ஆசிரியர் அதைப் பயன்படுத்தினாலன்றி அது வெளிப்படாது.

இவ்வூர்களின் இடர்ப்பாட்டிற்கு இன்னும் ஓர் எடுத்துக்காட்டு. குமரி மாவட்டத்திலும் தென் திருவிதாங்கூர்ப் பகுதியிலும் தமிழ் பேசுவோரும் குடிக்கும் நீரை 'வெள்ளம்' என்றே வழங்குவர். தமிழ்ப் பாடநூலில் வெள்ளம் என்றால் கரைபுரண்டு வரும் பெருக்கு. 'ஊருக்குள் வெள்ளம் வந்தது' என்னும் தொடரைப் படித்த குழந்தை, குழாயில் தண்ணீர் வந்துவிட்டதென மகிழ்ச்சியுறின் அதனைப் பிழையென்று கடிந்துகொள்வது எங்ஙனம்? அக்குழந்தை ஒவ்வொரு சொல்லையும் சரியாகவே படித்தது. ஒவ்வொன்றுக்கும் தன் வீட்டுப் பொருளையே கொண்டது. தொடரை மட்டும் புரிந்துகொள்ளவில்லை. எழுத்தறிவு வேறு, பொருளறிவு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஒரு செடி, நான்கு வரிவடிவம்

படத்தை நடுவே நிறுத்தி மொழிகளை அதனைச் சுற்றிக் கட்டும் முறை புதிதன்று. கேரள மண்ணிலேயே அதற்குச் சிறந்த முன்மாதிரி உண்டு. கொச்சியில் டச்சுக்காரரின் ஆளுநராக இருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் என்னும் வைத்தியர் முதலியோரின் துணையுடன் மலபாரின் செடிகொடிகளை ஆராய்ந்து தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' என்னும் நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் 700க்கும் மேற்பட்ட தாவரங்கள் இடம்பெற்றன. ஒவ்வொரு செடியையும் இலை, பூ, காய், விதை ஆகியவற்றுடன் செப்புத்தகட்டில் செதுக்கிப் பெரிய படமாக அச்சிட்டனர். படத்தின் மேலேயே பெயர்களையும் பொறித்தனர். உரோமன், மலையாளம், அரபு ஆகிய எழுத்துகளில் மலையாளப் பெயரும், நாகரியில் கொங்கணிப் பெயரும் காணப்படுகின்றன. மலையாள எழுத்துகள் அச்சேறிய முதல் நூல் இதுவே என்பர்.

இந்நூலில் படங்கள் இல்லாமல் பெயர்களும் விளக்கமும் மட்டும் இருந்திருப்பின் என்ன ஆகியிருக்கும்? ஒரே பெயர் ஊருக்கு ஊர் வெவ்வேறு செடிகளைச் சுட்டும். ஒரே செடி பல பெயர்களைத் தாங்கும். இந்தியாவை நேரில் கண்டிராத லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் தாவரங்களுக்கு அறிவியற் பெயரிட்டபோது, இந்நூலின் படங்களை மேற்கோளாகக் கொள்ள முடிந்தது. பின்னாளில் கே. எஸ். மணிலால் அச்செடிகளை மீண்டும் இன்னவையென்று கண்டறிந்து, 2003ஆம் ஆண்டில் ஆங்கிலப் பதிப்பை வெளியிட்டதற்கும் அப்படங்களே அடிப்படையாயின. இனி, பெயர்கள் இன்றிப் படங்கள் மட்டும் எஞ்சியிருப்பினும் பயன் குன்றியே இருக்கும். மலபாரில் எவரிடம் சென்று, எதைக் கேட்பது என்பதே தெரியாது போயிருக்கும். அந்நூலின் மூன்றாம் தொகுதியிலுள்ள சக்கை மரத்தின் படத்தைப் பாறசாலைக் குழந்தையிடம் காட்டினால் இன்றும் உடனே பெயர் சொல்லும். அதனையே தமிழ்ப் பாடநூல் பலா என்கிறது என்று அப்போது சொல்லிக் கொடுத்தல் எளிது.

ஐரோப்பாவிலும் ஏறத்தாழ அக்காலத்திலேயே இத்தகைய முயற்சி நிகழ்ந்தது. மொராவியாவில் பிறந்த கொமேனியஸ் என்னும் கல்வியறிஞர் 1658ஆம் ஆண்டில் நூரெம்பர்க் நகரில் சிறுவர்க்கான படநூல் ஒன்றை வெளியிட்டார். அதன் ஒவ்வொரு பாடத்திற்கும் ஒரு படம். படத்தின் உறுப்புகளுக்கு எண்கள். அவ்வெண்களையே இலத்தீன் வாக்கியத்திலும் ஜெர்மன் வாக்கியத்திலும் உரிய சொற்களோடு இட்டிருந்தார். குழந்தை படத்தில் 3 என்னும் எண்ணைக் கண்டால், இரு மொழிகளிலும் 3 என்னும் எண் தாங்கிய சொல்லைத் தேடும். இருமொழி வகுப்பிற்கு இதனினும் எளிய கருவியை இன்றுவரை எவரும் புனைந்துவிடவில்லை என்றே கூறத் தோன்றுகிறது. சுண்ணக்கட்டியும் கரும்பலகையும் போதும், செலவே இல்லை.

மனத்தின் இரு வழிகள்

படம் ஏன் நினைவில் நிற்கிறது? 1967ஆம் ஆண்டில் ரோஜர் ஷெப்பர்டு என்னும் அமெரிக்க உளநூலார் 612 படங்களைச் சிலருக்கு ஒவ்வொன்றாகக் காட்டி, பின்னர் முன்பு கண்ட படத்தையும் காணாத படத்தையும் இணையாக நிறுத்தி, முன்பு கண்டது எது எனக் கேட்டார். ஏறத்தாழ 97 விழுக்காடு விடைகள் சரியாக அமைந்தன. 540 சொற்களைக் கொண்டு இவ்வாறே சோதித்தபோது விடைகள் 88 விழுக்காடே சரியாயின. சொல்லும் நினைவில் நிற்கிறது. படம் அதனினும் மிகுதியாக நிற்கிறது.

கனடாவில் மேற்கு ஒண்டேரியோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் பைவியோ 1971ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதற்கொரு காரணம் கூறினார். மனம் செய்திகளை இரு வழிகளில் பதிவு செய்கிறது: ஒன்று சொல்வழி, மற்றொன்று காட்சிவழி. இவ்விரண்டும் தனித்தனியே இயங்குவன; ஆயினும் ஒன்றையொன்று தூண்டவல்லன. 'தேங்காய்' என்னும் சொல்லைக் கேட்டால் தேங்காயின் தோற்றம் எழுகிறது. தேங்காயைக் கண்டால் பெயர் எழுகிறது. இரு வழியிலும் பதிந்த ஒன்றை மீட்டெடுக்க இரு வாயில்கள் உள்ளன. ஒன்று அடைபட்டாலும் மற்றொன்று திறந்திருக்கும். 'நீதி', 'கடமை' போன்ற சொற்களைக் காட்டிலும் 'கிண்ணம்', 'குதிரை' போன்றவை எளிதில் நினைவில் நிற்பதற்கும் இதுவே காரணம் என்றார் அவர்.

நமக்கு இன்னும் நெருக்கமானது பைவியோவும் லாம்பர்ட்டும் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி. பிரெஞ்சும் ஆங்கிலமும் ஒருங்கே அறிந்தவர்களுக்குச் சில சொற்களைக் கொடுத்து அவற்றை அப்படியே எழுதச் சொன்னார்கள். சில சொற்களை மற்ற மொழியில் பெயர்த்து எழுதச் சொன்னார்கள். சில படங்களைக் காட்டி அவற்றின் பெயரை எழுதச் சொன்னார்கள். பின்னர் அவர்கள் எதிர்பாராத வேளையில், எவையெவை நினைவிலுள்ளன எனக் கேட்டார்கள். பார்த்தெழுதிய சொற்கள் மிகக் குறைவாகவே நினைவில் நின்றன. மொழிபெயர்த்தவை அவற்றினும் மிகுதி. படம் கண்டு பெயரெழுதியவை எல்லாவற்றினும் மிகுதி.

நம் பள்ளிகளில் இரண்டாம் மொழியைக் கற்பிக்க இன்றும் பெரிதும் கையாளப்படுவது எது? பார்த்தெழுதுதல். பத்து முறை, இருபது முறை எழுதி வரச் சொல்வது. மூன்று முறைகளுள் பயன் மிகக் குறைந்ததையே நாம் விரும்பி மேற்கொண்டிருக்கிறோம்! கையெழுத்துப் பயிற்சிக்கு அதனால் நன்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. பொருள் நினைவில் நிற்க அது சிறந்த வழியன்று.

படம் முன்னே, கதை பின்னே

தனிச்சொல் நினைவில் நிற்பது ஒன்று. தொடர்ந்து வரும் உரையைப் புரிந்துகொள்வது வேறொன்று. இப்பிந்திய செய்தியைப் பற்றி 1972ஆம் ஆண்டில் பிரான்ஸ்ஃபோர்டு, ஜான்சன் ஆகிய இருவரும் செய்த பரிசோதனை புகழ் பெற்றது. பலூன்கள், மின்கம்பி, மூடிய சன்னல், தொலைவு ஆகியவற்றைப் பற்றிய ஒரு சிறு உரையை அவர்கள் எழுதினார்கள். அதன் சொற்கள் யாவும் எளியவை. இலக்கணப் பிழை எதுவும் இல்லை. எனினும் கேட்பவர்க்கு ஒன்றும் விளங்காது. அதனை விளக்கும் படம் ஒன்று உண்டு. உயர்ந்த மாளிகையின் மேல்மாடத்திலுள்ள பெண்ணுக்கு, தரையில் நிற்கும் ஓர் இளைஞன் பாடுகிறான். அவன் குரல் எட்டுவதற்காக ஒலிபெருக்கியைப் பலூன்களில் கட்டி மேலே மிதக்கவிட்டிருக்கிறான். படத்தைப் பார்த்தவுடன் உரை முழுவதும் தெளிவாகிவிடும்.

உரையில் அடங்கிய 14 கருத்துகளுள் எத்தனை நினைவிலிருக்கின்றன என்று பார்த்தார்கள். படத்தைக் காணாதவர்கள் சராசரியாக நான்கிற்கும் குறைவானவற்றையே கூறினார்கள். உரையை இருமுறை கேட்டவர்களின் நிலையும் ஏறத்தாழ அதுவே. உரைக்கு முன்னரே படத்தைக் கண்டவர்கள் 8 கருத்துகளைக் கூறினார்கள். வியப்பு என்னவெனில், உரையைக் கேட்டு முடித்த பின்னர் படத்தைக் கண்டவர்களுக்கு எவ்விதப் பயனும் கிட்டவில்லை. மற்றொரு குழுவினர்க்கு அதே பொருள்களை இடம் மாற்றி வரைந்த படத்தை முன்னரே காட்டினார்கள். பலூனும் இளைஞனும் ஒலிபெருக்கியும் அதிலும் இருந்தன. அவற்றிற்கிடையே உள்ள தொடர்பு மட்டும் இல்லை. அவர்கள் கூறியவை 4 கருத்துகளே.

இப்பரிசோதனையில் ஆசிரியர்க்கு இரண்டு குறிப்புகள் உள்ளன. பாடம் முடிந்தபின் பரிசுபோலப் படத்தைக் காட்டும் வழக்கம் வீண். இருமுறை உரக்கப் படித்துக் காட்டுவதும் ஒருமுறை படத்தைக் காட்டிப் பின் படிப்பதும் ஒன்றல்ல. அன்றியும், படத்தில் பொருள்கள் இருந்தால் மட்டும் போதாது; பொருள்கள் ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புறுகின்றன என்பதை அது காட்ட வேண்டும். 'வெள்ளம் வந்தது' என்னும் பாடத்திற்கு ஓர் ஆற்றின் படம் உதவாது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் கேரளத்தில் நேர்ந்ததுபோல நீர் வீட்டுப்படியேறி நிற்கும் படமே உதவும்.

படமும் சொல்லும் ஒரே வேளையில் வரவேண்டும் என்பதைக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்டு மேயரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் சைக்கிள் பம்பு போன்ற எளிய கருவிகளைக் கொண்டு காட்டினார்கள். கைப்பிடியை மேலே இழுத்தால் உள்வாயில் வால்வு திறந்து காற்று உருளைக்குள் புகுகிறது. கீழே அழுத்தினால் அது மூடிக்கொள்ள, வெளிவாயில் வால்வு திறந்து காற்று குழாய்க்குள் செல்கிறது. இவ்விளக்கத்தைக் கேட்டுக்கொண்டே அசையும் படத்தைப் பார்த்தவர்கள், விளக்கம் முழுவதையும் முதலிற் கேட்டுப் பின்னர்ப் படத்தைப் பார்த்தவர்களினும் சிறந்து விளங்கினார்கள். அதுவும் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் வினாக்களில் அன்று. 'கைப்பிடியைப் பலமுறை அழுத்தியும் காற்று வரவில்லை, பழுது எங்கே இருக்கலாம்?' என்பது போன்ற சிந்தனை வினாக்களில். சைக்கிள் பம்பு எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும் பொருளாதலால், இதனை ஆசிரியர் தம் வகுப்பிலேயே செய்து பார்க்கலாம்.

படத்தை ஒரு பக்கத்திலும் விளக்கத்தை மறுபக்கத்திலும் அச்சிடுவதும் இதே குறையுடையது. கண் இங்குமங்கும் அலைய, உழைப்பெல்லாம் தேடுவதிலேயே கழிகிறது என்று ஆஸ்திரேலியாவில் ஸ்வெல்லரும் சாண்ட்லரும் காட்டியுள்ளனர். உறுப்பின் பெயரை உறுப்பின் மீதே எழுதுதல் நன்று.

படம் ஏமாற்றும் இடம்

இதுவரை படத்தின் பெருமையையே பேசினோம். ஆசிரியர்கள் பெரிதும் எண்ணிப் பாராத மறுபக்கம் ஒன்று உண்டு. 1967ஆம் ஆண்டில் ஜே சாமுவேல்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர், படிக்கத் தொடங்கும் குழந்தைகளுக்குச் சில சொற்களைப் படத்துடனும் படமின்றியும் கற்பித்துப் பார்த்தார். பயிற்சியின்போது படத்துடன் கற்ற குழந்தைகளே மிகுதியாகச் சரியான விடை கூறினார்கள். படத்தை நீக்கிவிட்டுச் சொல்லை மட்டும் காட்டியபோது நிலைமை தலைகீழாயிற்று. படமின்றிக் கற்றவர்களே முந்தினார்கள். வகுப்பறையில் செய்த சோதனையில், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளே படத்தால் மிகுதியும் கெட்டார்கள்.

காரணம் வெளிப்படை. குழந்தை எழுத்தைப் பார்ப்பதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நெய்யாற்றின்கரைப் பகுதியில் இவ்வேமாற்றம் இருமடங்காகும். மலையாள அரிச்சுவடியில் 'ஆ' என்னும் எழுத்துக்குப் பெரும்பாலும் யானையின் படமே இருக்கும், மலையாளத்தில் அது 'ஆன' ஆகையால். தமிழ் அரிச்சுவடியில் 'ஆ' என்றால் ஆடு. தமிழ்க் குழந்தையும் வீட்டில் ஆனை என்றே பேசுகிறது. புத்தகத்திலோ 'யானை' என்று அச்சாகியிருக்கிறது. படத்தைக் கண்டு 'ஆனை' என உரக்கச் சொல்லும் குழந்தை 'யா' என்னும் எழுத்தை நோக்கவே இல்லை. ஆசிரியரும் சரியாகப் படித்துவிட்டது என்று மகிழ்ந்து அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார்! இரு மொழி எழுத்துகளுள்ளும் உகரம், யகரம், வகரம், ணகரம் போன்ற சில ஒத்த சாயல் உடையவை. வேறு பல முற்றிலும் வேறுபட்டவை. கண் எழுத்தின் மீது ஊன்றி நிற்க வேண்டிய இந்நிலையில் அழகிய வண்ணப்படம் அதனைக் கவர்ந்துகொள்கிறது.

ஆகவே நோக்கத்திற்கேற்ப முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். பொருளை அறிவிப்பது நோக்கமானால் படம் முதலில் வரட்டும். எழுத்தை அறிவிப்பது நோக்கமானால், பொருள் விளங்கிய மறுகணமே படத்தைக் கையால் மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் படிக்கச் சொல்லுதல் வேண்டும். ஓர் அட்டைத் துண்டு போதும். இத்துணைச் சிறிய செயலைச் செய்யாமையால் பல மாதங்கள் வீணாதல் கூடும். 'இலை', 'ஈ' போன்ற படங்கள் இரு மொழியிலும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் முதற்பாடத்திற்கு ஏற்றவை. மலையாளத்தில் இலையை 'இல' என்பர், ஈயை 'ஈச்ச' என்பர். யானையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளலாம்.

படத்திற்கு அடங்காத சொற்களும் உண்டு. தமிழில் 'அவசரம்' என்றால் விரைவு. மலையாளத்தில் அதே சொல் வாய்ப்பு என்னும் பொருள் தருவது. ஓடும் மனிதனை வரைந்து விரைவைக் காட்டிவிடலாம்; வாய்ப்பை எங்ஙனம் வரைவது? இத்தகைய இடங்களில் படத்தைத் தேடி அலைவதை விட, இரண்டு நல்ல வாக்கியங்களை அமைப்பதே சிறந்தது. அலங்காரத்திற்காகச் சேர்க்கும் படங்களையும் விலக்க வேண்டும். இடிமின்னலைப் பற்றிய பாடத்தில் சுவைக்காக மட்டும் சேர்க்கப்பட்ட படங்களும் செய்திகளும் முக்கியக் கருத்துகளை மறக்கச் செய்தன என்று ஹார்ப்பும் மேயரும் 1998ஆம் ஆண்டில் கண்டனர்.

படத்தையும் படிக்கக் கற்க வேண்டும்

கிராமங்களில் பணிபுரியும் ஊழியர்கள் சுவரொட்டிகளையும் துண்டுப்பிரசுரங்களையும் நம்பிச் செல்கின்றனர். எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் படம் விளங்கும் என்பது பொதுவான எண்ணம். கொசுவைப் பெரிதாக வரைந்த படத்தைக் கண்ட கிராமத்தார், 'எங்கள் ஊரில் இவ்வளவு பெரிய கொசு இல்லை; ஆதலால் எங்களுக்குப் பயமில்லை' என்று கூறியதாகப் பல நாடுகளில் ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, அது சுட்டும் குறை மெய்யானது. 1960ஆம் ஆண்டில் ஹட்சன் என்பவர் தென்னாப்பிரிக்காவில் ஒரு படத்தைப் பலருக்குக் காட்டினார். ஈட்டி ஏந்திய வேடன் ஒருவனும் மான் ஒன்றும் அருகில் நிற்க, தொலைவிலுள்ள குன்றின் மீது யானையொன்று சிறியதாக வரையப்பட்டிருந்தது. வேடன் யானையையே குறி வைக்கிறான் என்று பலர் விடையளித்தார்கள். தாளின் மேல் வேடனுக்கு அண்மையில் யானைதானே இருக்கிறது! சிறியதாக வரைந்தால் தொலைவு என்பதும், அம்புக்குறி இட்டால் திசை என்பதும், குறுக்குக்கோடு போட்டால் செய்யற்க என்பதும் பள்ளியில் நாம் அறியாமலே கற்ற மரபுகள். அவற்றைக் கற்காதவர்க்குப் படம் வேறொன்றைச் சொல்லும்.

வயிற்றுப்போக்கு நோய்க்கு வீட்டிலேயே கரைசல் தயாரிக்கும் முறையைப் படத்தால் விளக்குவதாகக் கொள்வோம். ஒரு லிட்டர் தூய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டிகளைத் தலைதட்டி அளக்க வேண்டும். ஆறு கரண்டிகளை வரைந்துவிடலாம். அரைக் கரண்டியை எவ்வாறு வரைவது? பாதி நிரம்பிய கரண்டியை வரைந்தால் அது குவியலாகத் தோன்றும். சிறிய கரண்டியை வரைந்தால் தொலைவிலுள்ள கரண்டியாகவோ வேறு கரண்டியாகவோ தோன்றும். உப்பு மிகுந்துவிட்டால் குழந்தைக்குத் தீங்கு நேரும். இங்கே எண்ணும் எழுத்தும் வாய்ச்சொல்லும் சேர்ந்தாலன்றிப் படத்தை நம்புவதற்கில்லை. 'வெள்ளம்' என்று எழுதுவதா 'தண்ணீர்' என்று எழுதுவதா என்னும் வினாவும் இவ்வூர்களில் உடனே எழும். கொதிக்கும் பானையின் படத்தருகே இரண்டையும் எழுதிவிடுவதே முறை.

படமுள்ள உரையையும் படமில்லா உரையையும் ஒப்பிட்ட 46 சோதனை முடிவுகளை லெவி, லென்ட்ஸ் ஆகியோர் 1982ஆம் ஆண்டில் தொகுத்து நோக்கினர். ஒன்றைத் தவிர ஏனையவற்றில் எல்லாம் படமுள்ள உரையே மேலோங்கியது. ஆயினும் படத்தில் காட்டப்பட்ட செய்திகளுக்கே அந்நன்மை. காட்டப்படாத செய்திகளுக்கு அப்படத்தால் நன்மை இல்லை. கரைசல் தயாரிக்கும் படத்தில் குழந்தையின் சிரித்த முகம் பெரிதாகவும் உப்பின் அளவு மூலையிலும் இருக்குமாயின், நினைவில் நிற்பது எது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

2020ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளன்று, கொள்ளைநோயால் பள்ளிகள் மூடியிருந்த வேளையில், கேரளத்தில் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியே பாடங்கள் தொடங்கின. அத்திட்டத்தில் தமிழ்வழி, கன்னடவழி மாணவர்க்கும் பாடங்கள் அமைந்தன. பெரிய வகுப்பறைச் சுவர்ப்படம் கைப்பேசியின் உள்ளங்கை அளவுத் திரைக்குச் சுருங்கியதை அன்று பல வீடுகளில் காண முடிந்தது. அத்துணைச் சிறிய திரையில் படத்தையும் நெருக்கமான எழுத்துகளையும் ஒருங்கே காட்டினால் கண் எதைத்தான் நோக்கும்? அசையும் படம் ஓடும்போது விளக்கத்தை எழுத்தாகத் தராமல் குரலாகத் தருவதே மேல் என்று மேயரின் ஆராய்ச்சிகள் கூறுகின்றன. கண் படத்திற்கும் செவி சொல்லுக்குமாகப் பகிர்ந்துகொள்ளும். ஆனால் இரண்டாம் மொழியில் விரைந்து வரும் குரலைப் பின்தொடர இயலாத குழந்தைக்கு, முக்கியமான இரண்டொரு சொற்களையாவது எழுத்தாகக் காட்டுதல் வேண்டும். எல்லைப்புறக் குழந்தைகளுக்கு இவ்விதிவிலக்கையே விதியாகக் கொள்ளலாம் என்பது எம் கருத்து.

இக்கட்டுரையைப் படிக்கும் ஆசிரியரோ ஊழியரோ நாளையே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. தம் கையிலுள்ள பாடப்படத்தையோ சுவரொட்டியையோ எடுத்துக்கொண்டு, அதிலுள்ள எழுத்துகளைத் தாளால் மறைத்து, ஐந்தாறு பேரிடம் தனித்தனியே காட்டி, 'இதில் என்ன காண்கிறீர்கள்?' என்று மட்டும் கேட்க வேண்டும், குறிப்புக் காட்டலாகாது. அவர்கள் சொல்லும் பெயர்களை, தமிழாயினும் மலையாளமாயினும், சொன்னபடியே எழுதிக்கொள்ள வேண்டும். பின்னர்ப் படத்தை மறைத்து, எழுத்துகளை மட்டும் வேறு ஐந்தாறு பேரிடம் காட்டி அவ்வாறே கேட்க வேண்டும். இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், எந்தச் சொல்லுக்குப் படம் தேவை, எந்தப் படத்திற்குச் சொல் தேவை என்பது ஒவ்வொரு வரியாகத் தெரிந்துவிடும். பாறசாலையில் கிடைக்கும் பட்டியலும் களியக்காவிளையில் கிடைக்கும் பட்டியலும் ஒன்றாயிருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டா.